அக்வாலங் கைமாறிவிட்டது, அலமாரியில் இருக்கும் ரெகுலேட்டருக்கு இனி யார் பொறுப்பு?

கேள்வி இதுதான். உங்களிடம் ஏபெக்ஸ் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) ஒரு செட்டும் அக்வாலங் டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் கணக்கிட்டுப் பாதுகாப்பு வரம்பைக் காட்டும் கருவி) ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் டைவிங் சாமான் செய்யும் அக்வாலங் நிறுவனத்தின் பிராண்டுகள். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கம்பெனி மூன்று முறை கைமாறியிருக்கிறது. கடையில் அதே பிராண்டுச் சரக்கைப் பெரிய தள்ளுபடியில் தள்ளிவிடுகிறார்கள். இருப்பதை விற்றுவிடலாமா, புதிதாக வாங்கலாமா, டைவ் சென்டர் நடத்தும் நண்பர் பத்து செட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

ரெகுலேட்டரை விற்காதீர்கள். புதிதாக ஒன்று வாங்குவதானால் சர்வீஸ் கிட்டுகளையும் (சர்வீஸின்போது மாற்றும் சிறு பாகங்களின் பொட்டலம்) அதே பில்லில் வாங்குங்கள். கம்ப்யூட்டரைத் தள்ளுபடிக்காக மட்டும் வாங்க வேண்டாம். நண்பர் முன்பணம் கட்டவே வேண்டாம். சரக்கு கைக்கு வந்ததும் காசு. ஏன் பொருளுக்குப் பொருள் பதில் மாறுகிறது என்பதுதான் விஷயம். "கம்பெனி பிழைக்குமா?" என்று யோசித்துக்கொண்டிருப்பதில் நமக்குப் பெரிய பயன் இல்லை. பெயர் பெரும்பாலும் பிழைத்துவிடும். பெயரை வாங்க ஆள் இருப்பார்கள். நம் கையிலிருக்கும் மாடலுக்கு ரப்பரும் சீட்டும் (உள்வால்வை அடைக்கும் சிறு பாகம்) வருமா என்பது வேறு கேள்வி.

அக்வாலங்கின் பிறப்பிலேயே ஒரு பெரிய வீட்டுப் பிள்ளையின் அடையாளம் இருக்கிறது. 1943இல் பிரான்சில் கடலாய்வாளர் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து செய்த மூச்சுக்கருவியிலிருந்துதான் பெயரே வந்தது. கான்யான் வேலை பார்த்தது ஏர் லிக்கீட் என்ற தொழில்முறை வாயு நிறுவனத்தில். அந்த நிறுவனம் 1946இல் லா ஸ்பிரோடெக்னிக் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. அதுவே பிற்பாடு அக்வாலங் ஆயிற்று. எழுபது ஆண்டு காலம் பின்னால் ஏர் லிக்கீட் நின்றது. டைவிங் வியாபாரத்தில் ஒரு வருடம் நஷ்டம் வந்தால் தாய் நிறுவனத்தின் கணக்கில் அது தெரியக்கூடத் தெரியாது. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருக்கும் ஏபெக்ஸை 1990களில் வாங்கிச் சேர்த்ததும் அந்த நிழலில்தான்.

2016 இறுதியில் ஏர் லிக்கீட் இந்தப் பிரிவை மான்டகு என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. இப்படிப்பட்ட கொள்முதல்களில் வழக்கம் என்னவென்றால், வாங்கும் பணத்தில் பெரும்பகுதி கடன்; அந்தக் கடன் உட்காருவது வாங்கப்பட்ட கம்பெனியின் தலையில். மாப்பிள்ளை வாங்கிய கடனைப் பெண் வீடு கட்டுவது போன்ற ஏற்பாடு. வட்டியும் பெரும்பாலும் மாறும் வட்டி. 2020இல் சுற்றுலா நின்று டைவிங் முடங்கியது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் ஆர்டர் போட்டு, கப்பல் தாமதத்தால் கூடுதலாகவும் ஆர்டர் போட்டு, சரக்கு வந்து சேர்ந்தபோது கடைகளின் கிடங்கு நிரம்பியிருந்தது. அதே நேரத்தில் ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2022 நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது, 2023 செப்டம்பரில் 4 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. இந்தத் துறையில் கடனோடு இருந்த எவருக்கும் அது மூச்சுமுட்டும் காலம். 2023இல் அக்வாலங் கடன் கொடுத்திருந்த பேரிங்ஸின் கைக்குப் போனது. 2025இல் ஹெட் குழுமம் வாங்கியது. டென்னிஸ் ராக்கெட்டும் பனிச்சறுக்குக் கட்டையும் விற்கும் அதே ஹெட். மாரெஸ் பிராண்டும் எஸ்எஸ்ஐ பயிற்சி அமைப்பும் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கின்றன.

இந்த மூன்று கைமாற்றமும் ஒரே மாதிரி அல்ல. முதலீட்டு நிறுவனம் வாங்கினால் மாடல்கள் அப்படியே இருக்கும், செலவுகள் குறையும். கடன் கொடுத்தவர் எடுத்துக்கொண்டால் அது காத்திருக்கும் அறை மட்டுமே. அவருக்கு ரெகுலேட்டர் செய்வதில் ஆசை கிடையாது, விற்கத்தான் எடுத்துக்கொள்கிறார். அந்த இடைவெளியில் புதிய அச்சு, புதிய மாடல் எதற்கும் பணம் வராது. போட்டி நிறுவனம் வாங்குவதுதான் நமக்கு இரண்டு பக்கமும் வெட்டும். தொழில் தெரிந்தவர், தொழிற்சாலை உள்ளவர் என்பது நல்லது. ஆனால் அவரிடம் அதே விலையில், அதே வேலைக்கு, சொந்தமாக ஒரு மாடல் ஏற்கெனவே இருக்கும். ஒரே கிடங்கில் இரண்டு தொடக்கநிலை ரெகுலேட்டரை வைத்திருக்க எந்தக் கணக்காளரும் சம்மதிக்க மாட்டார்.

இதற்குப் பழைய உதாரணம் அமெரிக்காவின் டேக்கோர். 1950களிலிருந்து இருந்த பெயர், நல்ல கருவிகள். 1990களின் இறுதியில் மாரெஸின் தாய்க் குழுமம் வாங்கியது. அதன் பிறகு சில ஆண்டுகளில் பெயரே சந்தையிலிருந்து போய்விட்டது. இன்று பழைய டேக்கோர் வைத்திருப்பவர் உதிரிபாகத்துக்குப் பழைய பொருள் சந்தையில் அலைகிறார். மாறாக ஓஷியானிக் என்ற டைவிங் பிராண்டை 2017இல் ஹியூஷ் நிறுவனம் வாங்கியபோது பெயரும் தொடர்ந்தது, முக்கிய ரெகுலேட்டர் வரிசையும் தொடர்ந்தது. என் கணிப்பைக் கேட்டால், ஏபெக்ஸ் தப்பிக்கும். குளிர்நீர் டைவர்களிடமும், அதிக ஆழத்துக்கும் குகைகளுக்கும் போகும் தொழில்நுட்ப டைவர்களிடமும் அதற்குத் தனி மதிப்பு உண்டு; மாரெஸ் மீது அந்த மதிப்பை ஒட்டவைக்க முடியாது. அக்வாலங் பெயரில் வரும் மலிவு ரெகுலேட்டர்களும் பிசிடிகளும்தான் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) கத்தரிக்கு முதலில் அகப்படும்.

இனி உதிரிபாகம். அது ஏன் முதலில் வறண்டுபோகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். சர்வீஸ் கிட் என்பது பத்துப் பன்னிரண்டு ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), ஒன்றிரண்டு சீட், ஒரு ஃபில்டர், சிலசமயம் ஒரு டயஃப்ரம் (வளைந்து கொடுக்கும் ரப்பர் தகடு). ஓ-ரிங்கை யாரும் செய்வார்கள். சீட்டும் டயஃப்ரமும் அந்த மாடலுக்கென்று வார்க்கப்பட்டவை. பெரும்பாலும் வெளியே ஒரு ரப்பர் தொழிற்சாலையில், குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் என்ற ஆர்டரில். கம்பெனியிடம் ரொக்கம் சுருங்கும்போது, விற்றால் உடனே காசு தரும் புதிய சரக்குக்குத்தான் பணம் போகும். கிட்டுக்கான ஆர்டர் தள்ளிப்போகும். பாக்கி வைத்தால் ரப்பர் தொழிற்சாலைக்காரர் அச்சைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பூட்டிவிடுவார். ஆக, ஒரு பாகம் வராமல் முழுக் கிட்டும் நின்றுபோகும். "கிட் பேக் ஆர்டரில் இருக்கிறது", அதாவது ஆர்டர் போட்டும் இன்னும் வரவில்லை என்று டீலர் இரண்டு காலாண்டு தொடர்ந்து சொன்னால், அது எந்தப் பத்திரிகைச் செய்தியையும் விட நம்பகமான அறிகுறி.

மற்ற அறிகுறிகள்: டீலருக்கு 60 நாள் தவணை கொடுத்தவர்கள் திடீரென்று முன்பணம் கேட்பது, டெக்னீஷியன் பயிற்சி வகுப்பு ரத்தாவது, ஊர் ஊராக வரும் விற்பனைப் பிரதிநிதி போய்விட்டு மாற்று ஆள் வராமலிருப்பது. தள்ளுபடி மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புது மாடல் வருமுன் எல்லாரும் தள்ளுபடி போடுவார்கள்.

பதிவேடுகளையும் பார்க்கலாம், காசு செலவில்லை. பிரிட்டனில் பதிவான நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகள் அங்குள்ள கம்பெனிகள் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கு தாக்கல் தாமதமாகியிருக்கிறதா, சொத்துகள் மேல் புதிய அடமானம் பதிவாகியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பிரான்சில் திவால் நடவடிக்கைகள் அரசு அறிவிப்பிதழில் வரும். ஆனால் அதற்கு முன்கட்டமான சமரச நடைமுறை ரகசியமானது, வெளியே அறிவிக்கமாட்டார்கள். எனவே "அறிவிப்பு எதுவும் இல்லையே" என்று நிம்மதி அடைய முடியாது. ஸ்கூபாப்ரோ என்ற டைவிங் பிராண்டின் உரிமையாளரான ஜான்சன் அவுட்டோர்ஸ் போலப் பங்குச் சந்தையில் இருப்பவர்கள் டைவிங் பிரிவின் வரவைக் காலாண்டுக்கு ஒருமுறை தனியாகக் காட்டுகிறார்கள். மற்ற டைவிங் நிறுவனங்களில் பெரும்பாலானவை தனியார் கையில் இருப்பதால் அந்த வசதி இல்லை.

உங்கள் ரெகுலேட்டருக்கு வருவோம். டைவிங் சாமான்களிலேயே கம்பெனி போனாலும் வெகுகாலம் வாழக்கூடியது இதுதான். உடல் பித்தளை, மேலே குரோம். நல்ல தண்ணீரில் கழுவி வைத்தால் முப்பது வருடம் அதற்கு ஒன்றும் ஆகாது. வெளியே இணையும் எல்லா இடமும் பொது அளவு. லோ-பிரஷர் போர்ட் (ஹோஸ் மாட்டும் துளை) 3/8 அங்குலம் 24 மரை, ஹை-பிரஷர் போர்ட் 7/16 அங்குலம் 20 மரை, சிலிண்டர் வால்வில் திருகி மாட்டும் டின் வகை இணைப்பு ஜி 5/8. எந்த பிராண்டு ஹோஸையும் மாட்டலாம். பழைய போஸைடன், பழைய ஸ்கூபாப்ரோ சிலவற்றில் மட்டும் அரை அங்குல போர்ட் இருக்கும். வெளிப்புற ஓ-ரிங்குகளும் உலகம் முழுக்க ஒரே எண்தான்: லோ-பிரஷர் ஹோஸின் முனைக்கு 011, ஹை-பிரஷர் ஹோஸுக்கு 012, ஹோஸ் செகண்ட் ஸ்டேஜில் (வாயில் வைக்கும் பகுதி) சேருமிடத்தில் 010, கவ்விப் பிடிக்கும் யோக் வகை சிலிண்டர் வால்வின் முகப்புக்கு 014. இவற்றை ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில்கூட வாங்கலாம், ஏஎஸ் 568 அளவு என்று கேட்டால் போதும். நைட்ரைல் ரப்பர், கடினம் 70. ஹை-பிரஷர் பக்கத்துக்கு 90.

ஆக, வழக்கமான சர்வீஸில் அந்த கம்பெனியை நம்பி இருப்பது முக்கியமாக மூன்று பாகங்கள்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) ஹை-பிரஷர் சீட், அதன் பிரதான டயஃப்ரம், செகண்ட் ஸ்டேஜின் லோ-பிரஷர் சீட். பிஸ்டன் வகையானால் டயஃப்ரம் இல்லை, இரண்டாகக் குறையும். இவை மூன்றும் கையளவு இடத்தில் அடங்கும். எனவே பதுக்கி வைத்துவிடலாம்.

எவ்வளவு? ஏபெக்ஸ் சொல்லும் சர்வீஸ் இடைவெளி இரண்டு ஆண்டு அல்லது 100 டைவ், நடுவில் ஒரு பரிசோதனை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கிட் ஒன்று, செகண்ட் ஸ்டேஜ் கிட் இரண்டு, அதாவது பிரதானத்துக்கும், அவசரத்துக்குக் கூடுதலாக மாட்டும் ஆக்டோபஸுக்கும். மூன்று சர்வீஸுக்கு வாங்கினால் மூன்றும் ஆறும். ஆறு வருடம் கவலையில்லை. அதற்கு மேல் வாங்கிக் குவிப்பதில் பயன் குறைவு. வெளிச்சமும் ஓசோனும் படாமல் மூடிய பொட்டலத்தில் நைட்ரைல் ஓ-ரிங் 15 ஆண்டு தாங்கும் என்பது விமானத்துறை கணக்கு. ஆனால் வெயில் அடிக்கும் அறையில், மோட்டார் ஓடும் கம்ப்ரஸர் பக்கத்தில் வைத்தால் அந்தக் கணக்கு செல்லாது. மின்மோட்டாரின் பொறி ஓசோன் உண்டாக்கும், அது ரப்பரில் கீறல் விழவைக்கும். கெட்டியான பிளாஸ்டிக் பையில், இருட்டான, குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். பையின் மேல் வாங்கிய மாதத்தை எழுதுங்கள்.

அதோடு சர்வீஸ் கையேட்டையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். டீலர்களுக்கான இணைய வாசல் என்றைக்கு மூடும் என்று சொல்ல முடியாது. பிரித்துக் காட்டும் படம், பாக எண்கள், முறுக்கு விசை அளவுகள், இடைநிலை அழுத்த அளவு (ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் காற்றின் அழுத்தம்), இந்த நான்கும் இருந்தால் இருபது வருடம் கழித்தும் ஒரு தேர்ந்த டெக்னீஷியன் அதைத் திறந்து மூடுவார். முடிந்தால் அதே மாடலில் பழையது ஒன்றை மலிவாக வாங்கிப் போடுங்கள். மூடி, நெம்புகோல், ஸ்பிரிங், குமிழ் போன்ற கிட்டில் வராத பாகங்களுக்கு அதுதான் சுரங்கம்.

வெளியார் செய்யும் கிட்டுகள் உண்டு. பரவலாக விற்ற மாடல்களுக்கு அவை சில நல்லவையும்கூட. ஒரே சீட்டைப் பல தலைமுறை மாடல்களுக்குப் பயன்படுத்திய வரிசைகளில்தான் வெளியார் துணிந்து அச்சு செய்வார்கள். பழைய யுஎஸ் டைவர்ஸ் கான்ஷெல்ஃப் ரெகுலேட்டரின் சீட்டை அதே காலத்து இரட்டை ஹோஸ் ரெகுலேட்டரான ராயல் அக்வா-மாஸ்டருக்கும் போடலாம். அதனால்தான் அந்தக் கிழங்கள் இன்றைக்கும் கடலுக்குள் போகின்றன. கொஞ்சம் விற்று நிறுத்தப்பட்ட அழகான மாடல்தான் அனாதையாகும். தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மாடல் எத்தனை காலமாக இருக்கிறது, அதன் உள்ளுறுப்பு வேறு எந்த மாடலில் இருக்கிறது? ஏபெக்ஸில் பல மாடல்களுக்கு உள்ளே பெரும்பாலும் ஒரே குடும்பம், வெளியலங்காரம்தான் வேறு.

வெளியார் கிட் போட்டாலும், அசல் கிட் போட்டாலும் சோதனை ஒன்றுதான். இதற்கு இடைநிலை அழுத்தமானி வேண்டும். பிசிடிக்குக் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் சொருகும் சிறிய கேஜ். அதைச் சொருகும்போது செகண்ட் ஸ்டேஜ் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். சீட் பழுதாகி சிலிண்டரின் 200 பார் அழுத்தக் காற்று உள்ளே பாய்ந்தால் வழிவிடும் பாதுகாப்பு வால்வு அதுதான். இல்லாவிட்டால் கேஜோ ஹோஸோ வெடிக்கும்.

சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். பெரும்பாலான மாடல்களில் முள் 9 முதல் 10 பார்வரை எங்கோ நிற்கும். உங்கள் மாடலின் சரியான எண் கையேட்டில் உள்ளதே. செகண்ட் ஸ்டேஜின் முகப்பிலுள்ள பர்ஜ் பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முள் இறங்கி, சட்டென்று ஏறி, ஒரே இடத்தில் பூட்டியது போல நிற்க வேண்டும். பிறகு தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள். 0.3 பாருக்குமேல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது ஊர்தல். சீட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, அல்லது அது உட்காரும் உலோக விளிம்பில் கீறல், அல்லது சீட்டின் அளவே தவறு. புது சீட்டில் முதல் சில நிமிடம் லேசாக ஏறி நிற்பது உண்டு, சீட் படியும் நேரம் அது. மறுநாளும் ஏறினால் ஏற்க வேண்டாம். நிறைந்த சிலிண்டரிலும் 50 பார் மிச்சமுள்ள சிலிண்டரிலும் இதைச் செய்து பாருங்கள். சமநிலை வகை ரெகுலேட்டரில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும்.

ஊர்தலைக் கவனிக்காமல் விட்டால் நடப்பது தெரிந்ததே. அழுத்தம் செகண்ட் ஸ்டேஜின் ஸ்பிரிங்கை மிஞ்சியதும் காற்று தானாக ஓடத் தொடங்கும், பெரும்பாலும் படகிலேயே. கடைசியாக ஒரு சோதனை: வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, வாயில் வைத்து உறிஞ்சுங்கள். துளியும் காற்று வரக்கூடாது. வந்தால் வெளிவிடும் வால்வோ செகண்ட் ஸ்டேஜ் டயஃப்ரமோ கசிகிறது. கடலுக்குள் அந்த வழியாகத் தண்ணீர் வரும்.

40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள வாயுவுக்குப் பயன்படுத்தும் செட் என்றால் வெளியார் கிட் விஷயத்தில் விளையாட வேண்டாம். ஓ-ரிங்கின் பொருளும் கிரீஸும் ஆக்சிஜனுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்; சாதாரண சிலிகோன் கிரீஸ் அங்கே தீக்கு எரிபொருள்.

பிசிடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றுப் பை கிழிந்தால் ஒட்டலாம், காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வும் இன்ஃப்ளேட்டரும் பொதுவகைகளாலேயே பெரும்பாலும் மாற்றப்படுகின்றன. எடைப் பையின் கைப்பிடிப் பூட்டுதான் ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி. அதில் இரண்டு ஜோடி வாங்கி வைத்தால் முடிந்தது. இன்ஃப்ளேட்டரும் ஆக்டோபஸும் ஒன்றாக இணைந்த கருவி உங்களுடையதில் இருந்தால் அதற்குப் பெரிய துளையுள்ள தனி இணைப்பு இருக்கக்கூடும். அந்த ஹோஸையும் ஒன்று கூடுதலாக வையுங்கள். எந்தக் கம்பெனி எழுந்தாலும் விழுந்தாலும் பாதிக்காத ஒன்று வேண்டுமென்றால் உலோக முதுகுத்தகடும் விங்கும்தான் (தகட்டில் மாட்டும் காற்றுப் பை): துளைகளுக்கிடையே 11 அங்குலம், பட்டை 2 அங்குல நைலான், உலகமெங்கும் அதே அளவு. சிலிண்டரின் மேல் எந்த பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே லக்ஸ்ஃபர், கேட்டலினா, ஃபேபர் போன்ற சில ஆலைகளின் சரக்கே. ஸ்டிக்கர்காரர் போனால் நஷ்டமில்லை. துடுப்பு, முகமூடி, வெட்சூட் மூன்றையும் தள்ளுபடியில் மனசார வாங்குங்கள், ஆடிக்கு வேட்டி எடுப்பது போல.

கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றிலும் பலவீனம். உள்ளே இருப்பது ரப்பர் அல்ல, மென்பொருள். அதைத் திருத்தும் பொறியாளர்கள் வேலையை விட்டுப் போன நாளே அது முதுமை அடைந்துவிடும். டைவ் விவரத்தைக் கைபேசிக்கு இறக்கும் செயலி அடுத்த இயங்குதளப் பதிப்பில் வேலை செய்யாமல் போகும். பேட்டரி நாமே மாற்றும் வகையா, உள்ளேயே மூடி ரீசார்ஜ் செய்யும் வகையா என்பதுதான் முதல் கேள்வி. ரீசார்ஜ் வகையில் லித்தியம் செல் சில ஆண்டுகளில் தளரும். பிரித்து மாற்றியபின் அழுத்தப் பெட்டியில் வைத்துச் சோதிக்க ஒரு சர்வீஸ் சென்டர் வேண்டும். அது இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டர் காகித எடை. சார்ஜிங் கேபிளும் தனி வகையாக இருந்தால் கேபிள் தொலைந்த அன்றே அதே கதி.

உங்களுடையது நீங்களே பேட்டரி மாற்றும் வகையானால் தப்பித்தீர்கள். சிஆர்2450 போன்ற நாணய பேட்டரி எங்கும் கிடைக்கும், ஆனால் மூடியின் ஓ-ரிங் பொது அளவாக இருக்காது. பேட்டரிக் கிட் ஐந்து வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஓ-ரிங் போட்டு, மயிர், மணல், கிரீஸ் திரள் எதுவும் இல்லை என்று விளக்கு வைத்துப் பாருங்கள்; தண்ணீர் புகுந்து செத்த கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்குக் காரணம் மூடியில் சிக்கிய ஒரு துணி இழை. பழைய டைவ் பதிவுகளையெல்லாம் இப்போதே சப்ஸர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருளுக்கு இறக்கிவிடுங்கள். லினக்ஸ் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் தொடங்கியது. எந்தக் கம்பெனியின் சர்வரையும் நம்பி இல்லை, நிறைய கம்ப்யூட்டர்களோடு நேரடியாகப் பேசும். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால், சாதாரண அழுத்தமானி ஒன்றையும் பையில் வையுங்கள்.

கம்ப்யூட்டரில் இன்னொரு கவலையும் உண்டு: பிழை கண்டுபிடிக்கப்பட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள யார் இருப்பார்கள்? யுவாடெக் என்ற நிறுவனம் செய்த அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1990களின் நடுவில் வந்த சிலவற்றில், இரு டைவுகளுக்கு நடுவே மேலே இருக்கும் நேரத்தில் உடல் நைட்ரஜனை வெளியேற்றுவதைத் தவறாகக் கணக்கிடும் பிழை இருந்தது. அதற்கான திரும்பப்பெறுதல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது 2003இல். அதற்குள் யுவாடெக்கை ஜான்சன் அவுட்டோர்ஸ் வாங்கியிருந்தது, அதனால் பதில் சொல்ல ஒரு முகவரி இருந்தது. கம்பெனி கலைக்கப்பட்டு பெயர் மட்டும் ஏலத்தில் போயிருந்தால் முகவரியே இருந்திருக்காது.

இதுவேதான் உத்தரவாதத்திலும். நிறுவனத்தின் பங்குகளை வாங்குவது வேறு, சொத்துகளை மட்டும் வாங்குவது வேறு. பங்கை வாங்கினால் பழைய வாக்குறுதிகளும் கூடவே வரும். திவால் நீதிமன்றத்தின் வழியாகச் சொத்தை மட்டும் வாங்கினால் அச்சு, பெயர், காப்புரிமை வரும். பழைய உத்தரவாதத்தை ஏற்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியபடி. நல்ல பெயருக்காகப் பல சமயம் ஏற்பார்கள். "வாழ்நாள் முழுக்க உதிரிபாகம் இலவசம்" என்ற வகை வாக்குறுதிகளை மட்டும் புது முதலாளி முதல் வாரமே நிறுத்திவிடக்கூடும். விலை ஒப்பிடும்போது அந்த இலவசத்துக்கு நீங்கள் மனதில் வைத்திருக்கும் மதிப்பைப் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதப் பொறுப்பு பொருளை விற்ற கடைக்கும் உண்டு, தயாரிப்பாளருக்கு மட்டும் அல்ல.

நண்பரின் பத்து செட்டுக்கு அவர் டீலரிடமோ கம்பெனியிடமோ முன்பணம் கட்டி, சரக்கு வருமுன் அவர்கள் விழுந்தால், அடமானக் கடன்காரர், வரி, ஊழியர் சம்பளம் எல்லாம் போனபின் மிச்சத்துக்கு நிற்கும் வரிசையில் அவர் கிட்டத்தட்டக் கடைசி. அமெரிக்கத் திவால் சட்டத்தில் தனிநபர் சொந்த உபயோகத்துக்குக் கட்டிய முன்பணத்துக்கு ஒரு வரம்புவரை முன்னுரிமை உண்டு. வியாபாரத்துக்காகக் கட்டியவருக்கு அதுவும் கிடையாது. எனவே கையிருப்புச் சரக்கை மட்டும், இரண்டு தவணையாக, ஐந்து ஐந்தாக வாங்கச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது; சரக்கு வராவிட்டால் வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்கலாம்.

கிட் கணக்கு அவருக்கு வேறு. வாடகை ரெகுலேட்டர் ஒரு சீசனிலேயே நூறு டைவ் போய்விடும். மணல், உப்பு, மூடி போட மறந்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் தண்ணீர் விடும் மாணவர்கள் என்று அதன் வாழ்க்கை கடினமானது. ஃபில்டர் பச்சையாக மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். வருடம் ஒரு சர்வீஸ் கட்டாயம். பத்து செட்டுக்கு வருடத்துக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கிட் 10, செகண்ட் ஸ்டேஜ் கிட் 20. இரண்டு வருடத்துக்கு 20, 40. அதற்கு மேல் தனியாக ஹை-பிரஷர் சீட் 5, லோ-பிரஷர் சீட் 10, வெளிவிடும் வால்வு 10, மவுத்பீஸ் 30. மவுத்பீஸ் எந்த பிராண்டும் பொருந்தும், கட்டும் பட்டையோடு வாங்கட்டும். செட்டின் விலையில் கிடைத்த தள்ளுபடி இந்தக் கிட்டுகளின் விலையைவிடக் குறைவாக இருந்தால், அந்தத் தள்ளுபடி தள்ளுபடியே அல்ல. வேறு பிராண்டு வாங்கலாம். கிட் முழுதாகக் கையில் கிடைக்கவில்லை, "அடுத்த மாதம் வரும்" என்றால், செட்டையும் அடுத்த மாதமே வாங்கட்டும்.

பத்தும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு செட் அடிபட்டுப் போனாலும் அவை மற்ற எட்டுக்கு உதிரிபாகமாகும். ஐந்து மாடலில் இரண்டிரண்டு வாங்கினால் அது நடக்காது.

ரீப்ரீதரை (வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி தரும் கருவி) பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி: தடுமாறும் கம்பெனியின் ரீப்ரீதரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் எங்கும் கிடைக்கும், ஆக்சிஜன் சென்சாருக்கும் மாற்று கிடைக்கக்கூடும். ஆனால் தலைப்பகுதியின் மின்னணுப் பலகை கெட்டால் அதைச் செய்தவரைத் தவிர வேறு யாராலும் தொட முடியாது. அந்தப் பலகையை நம்பித்தான் நீங்கள் மூச்சு விடுகிறீர்கள்.